நான் கிளம்ப ஒரு வேண்டுதல்

பேனரில் என் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புள்ளைக்காம்பராவின் வாசலுக்கு மேலே, தகரக் கூரையின் இரண்டு முனைகளுக்கும் கயிறு இழுத்துக் கட்டியிருந்தார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்குத்தான் அங்கே அந்தப் பெயர். என் முகம் வாசல் கதவை விடப் பெரிதாக இருந்தது. கீழே, ‘எங்கள் குழந்தைகளின் தாயே, சென்று வருக’ என்று எழுதியிருந்தது. அந்தக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் தாய் இருக்கிறாள். அந்த நேரத்தில் அவர்கள் எல்லாரும் மேல் மலையில் முதுகில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு வருஷம் மூக்குச் சிந்திவிட்டதற்காக அவர்களை எழுப்பிவிட்டு என்னை அந்த இடத்தில் உட்காரவைக்க இவர்கள் யார்?

ஆனால் பேனர் சின்ன விஷயம். என் உண்மையான கோபம் அதற்கு நான்கைந்து நாள் முன்னாலேயே தொடங்கிவிட்டது. அது இன்னும் தணியவில்லை.

நான் திண்டுக்கல் பக்கத்தில் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் இருவரும் வேலை, குடும்பம் என்று போய்விட்டார்கள், வீட்டில் சும்மா உட்கார எனக்கு வராது. இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குத் தன்னார்வலர்களை அனுப்புகிற ஒரு தொண்டு நிறுவனத்தைப் பற்றி யாரோ சொன்னார்கள். மனுப் போட்டேன். மாத்தளை மாவட்டத்தில், ரத்தோட்டையிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம் கிடைத்தது. சாப்பாடும் தங்க ஒரு அறையும் தருவார்கள், சம்பளம் கிடையாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்குக் கைவந்தது, பேச்சும் தமிழ், வேறென்ன வேண்டும் என்று பெட்டியைக் கட்டினேன்.

போய் இறங்கிய அன்று புள்ளைக்காம்பராவை எனக்குச் சுற்றிக் காட்டியது அங்கே வேலை செய்த ஆயாம்மா. என் வயதுதான் இருக்கும். எந்தப் பிள்ளை எந்தச் சேலைத் தொட்டிலில் தூங்கும், எது பால் குடித்ததும் கக்கும், எதைக் குப்புறப் போட்டால்தான் அழுகை நிற்கும் என்று வரிசையாகச் சொன்னார். வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தார். அந்த வாரம் முழுக்க என்கூட இருந்தார், அடுத்த திங்கட்கிழமை வரவில்லை. தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் கேட்டேன். மாத்தளை டவுனிலிருந்து மோட்டார்சைக்கிளில் வருகிற மனிதர் அவர். மலையில் அளவுக்கு மேல் பறித்தால் கைக்காசு கிடைக்கிறதென்று ஆயாம்மாவே கேட்டு மாறிக்கொண்டார் என்றார். நானும் நம்பினேன். கூடுதலாக வருமானம் வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அந்த ஒரு வருஷத்தில் என்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடாத லயம் இல்லை. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் வீடுகள். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரே நாற்காலியைத் துடைத்து எனக்குப் போடுவார்கள், மற்றவர்கள் நிற்பார்கள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வேறு யாரும் தட்டைத் தொடமாட்டார்கள். என் தட்டை நானே கழுவ எழுந்தால் மூன்று பேர் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொள்வார்கள். சில நாள் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. நான் வேலை செய்ய வந்தவள், கல்யாண வீட்டுச் சம்பந்தி அல்ல என்று சொல்லிப் பார்த்தேன். சிரிப்பார்கள். சாயத்தண்ணி என்கிற பாலில்லாத டீயை இன்னொரு கோப்பை ஊற்றுவார்கள்.

பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வரும் தாய்மாரிடம் அவ்வப்போது ஆயாம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பேன். நல்லா இருக்காங்க டீச்சர் என்பார்கள். உடனே பேச்சு பிள்ளையின் சளிக்கோ மழைக்கோ போய்விடும். வழியில் ஆயாம்மாவையே பார்த்தாலும் அதே பதில்தான். இடுப்பில் படங்கு என்கிற தடித்த துணியைக் கட்டிக்கொண்டு, கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு, பாதை ஓரமாக ஒதுங்கி நின்று எனக்கு வழிவிடுவார். சிரிப்பார். கால் முன்னை விட இழுப்பதைக் கண்டேன். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும் வாரம் வந்தது. ஒவ்வொரு லயமாகப் போய்ச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன். எல்லா வீட்டிலும் சோடா, பிஸ்கட், கண்ணீர். ஒரு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க இல்லாம இந்தப் புள்ளைங்க என்ன செய்யும் என்று அழுதார்கள். நானும் சேர்ந்து அழுதேன், பொய் சொல்வானேன். எனக்கு அது சுகமாகவே இருந்தது. அப்படி ஒரு மிதப்பில்தான் கடைசி லயத்துக் கடைசி வீட்டுக்கு, ஆயாம்மா வீட்டுக்குப் போனேன்.

மாலை வெயில் இறங்கும் நேரம். ஆயாம்மா முன் அறையில் காலை நீட்டிப் பலகை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முட்டி வீங்கி, தோல் மினுமினுத்துக்கொண்டிருந்தது. கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த இடங்கள் புண்ணாகிக் கறுத்திருந்தன. அவருடைய மகள் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளையும் என் தொட்டிலில் தூங்குகிற பிள்ளைதான். சாமிப் படத்துக்குக் கீழே சின்னப் பலகையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சைப் பார்த்தேன். அது என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊரிலும் ஆத்தாளுக்கு ஏதாவது வேண்டிக்கொண்டால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து வைப்போம். வேண்டியது நடந்ததும் பொங்கல் வைத்து, முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலில் போடுவோம். கால் குணமாகத்தான் முடிந்திருக்கிறீர்களா என்று ஆயாம்மாவிடம் கேட்டேன்.

அடுப்படியில் ரொட்டி தட்டும் சத்தம் நின்றது. ஆயாம்மா பலகை மேலிருந்த காலை மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டு சொன்னார்.

“டீச்சர், தப்பா எடுக்க வேணாம். நீங்க நல்ல மனுசி, புள்ளைகள நல்லா பாத்தீங்க. ஆனா நீங்க எப்ப போவீங்கன்னுதான் ஆத்தாகிட்ட முடிஞ்சு வச்சேன்.”

எனக்கு முதலில் வந்த கோபம் அவர் மேல்தான். சம்பளம் இல்லாமல், மழையிலும் குளிரிலும், சொந்தப் பேரனைப் பார்க்காமல் ஒரு வருஷம் கிடந்தவளைத் துரத்த வேண்டுதலா? எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அப்போது மகள் கை மாவோடு வந்து நின்றாள். சொல்லிவிடட்டுமா என்பது போல் தாயைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள்.

சில வருஷங்களுக்கு முன் ஆயாம்மா மலையில் சறுக்கி விழுந்து முட்டி உடைந்திருக்கிறது. இனிச் சரிவில் ஏறக் கூடாது, லேசான வேலைதான் செய்யலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் புள்ளைக்காம்பரா வேலை கொடுத்திருக்கிறார்கள். நான் வந்த மறு வாரம் காலையில் பிரட்டுக் களத்தில், அதாவது அன்றன்றைக்கு யாருக்கு எங்கே வேலை என்று பேர் கூப்பிடும் இடத்தில், ஆயாம்மாவின் பேரை மலைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் சொன்னதை ஆயாம்மா ஞாபகப்படுத்தியதும், சும்மா வேலை செய்ய ஒரு ஆள் இந்தியாவிலிருந்து வந்திருக்கும்போது உனக்கு எதற்கு அங்கே பேர் போடுவது என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த முட்டியோடு மலையேறுகிறார். சரிவில் வேகமாக நகர முடியாது. சொன்ன கிலோ கொழுந்து சேராது. சேராத நாளில் அரைப் பேர்தான், பாதிக் கூலிதான்.

இவ்வளவு நாள் ஏன் என்னிடம் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும், உள்ளே பிள்ளை விழித்துக்கொண்டது.

“எப்படிங்க சொல்றது? கடல் தாண்டி எங்களுக்காக வந்திருக்கீங்க. உங்க மனசு நோகாதா?” என்றாள் மகள்.

என் மனசு! அது நோகக் கூடாது என்று ஒரு தோட்டமே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. ஆயாம்மாவின் முட்டி நொறுங்கலாம், என் மனசு நோகக் கூடாது. துடைத்துப் போட்ட நாற்காலி, பிடுங்கிக் கழுவிய தட்டு, இன்னொரு கோப்பை சாயத்தண்ணி எல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. விருந்தாளியிடம் குறை சொல்லக் கூடாது என்கிற பழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டுதான். ஆனால் விருந்தாளி வீட்டுக்காரியின் பாயில் படுத்துக்கொண்டு அவளை வாசலுக்கு அனுப்பியிருக்கும்போதுமா?

தோட்டத்துத் தொழிலாளர் சங்கத் தலைவரைத் தேடிப் போனேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. டீச்சர் போனா தானா சரியாகிரும்னு இருந்தோம் என்றார், நிதானமாக, வெற்றிலையை மடித்துக்கொண்டே. ஆக, ஊரே சேர்ந்து நான் எப்போது போவேன் என்று காத்திருந்திருக்கிறது, சிரித்த முகத்தோடு. அவ்வளவு பேர் சிரிப்பில் ஒன்றைக்கூட எனக்கு இனம்காணத் தெரியவில்லை.

மறுநாள் நலன்புரி உத்தியோகத்தரைப் பிடித்தேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை. ஆயாம்மாவின் வேலையை யாரும் பறிக்கவில்லை, மலையில் தினமும் பேர் போடுகிறோமே என்றார். டாக்டர் சொன்னது என்னாயிற்று என்று கேட்டதற்கு, அது பழைய கதை என்றார். சரி, நான்தான் போகிறேனே, அவரைத் திரும்ப இங்கே போடுங்கள் என்றேன். அப்போதுதான் அந்த மனிதர் மகிழ்ச்சியாக விஷயத்தைச் சொன்னார். எனக்குப் பதிலாக ஒரு பெண் வரப்போகிறாள். ஐரோப்பாவிலிருந்து, கல்லூரியில் படிக்கிறவள். அவள் போன பிறகு இன்னொருத்தி. எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது.

சென்னையில் இருந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரைப் போனில் கூப்பிட்டேன். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசுவான். முழுக்கக் கேட்டுவிட்டு, நீங்க எமோஷனலா இருக்கீங்க மேடம், கிளம்பற நேரத்துல எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்றான். ப்ராஜெக்ட் தொடர்ந்து நடப்பது எல்லாருக்கும் நல்லது என்றான். எல்லாருக்கும் என்றால் யார் யாருக்கு என்று கேட்டேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டான். அதெல்லாம் இல்லை, லைன் நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், கொழுந்தை எடைபோட்டு முடித்த கையோடு, வழியனுப்பு விழா. அந்தப் பேனருக்குக் கீழே வாசல் திண்ணையே மேடை, அதில் மூன்று நாற்காலி. ஒன்றில் நான், ஒன்றில் உத்தியோகத்தர், நடுவில் பெரிய துரை. தோட்டத்து மேலாளரை அங்கே இன்னமும் துரை என்றுதான் சொல்கிறார்கள். அவருக்குச் சிங்களமும் ஆங்கிலமும்தான் தெரியும். பெண்கள் மலையிலிருந்து நேராக வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், ஈரச் சேலையோடு முற்றத்தில் நின்றார்கள். பிள்ளைகளுக்குப் பவுடர் போட்டு முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். உத்தியோகத்தர் மைக்கில், இப்போது டீச்சருக்கு மாலை போட நமது புள்ளைக்காம்பராவின் மூத்த ஆயாம்மாவை அழைக்கிறேன் என்றார்.

ஒரு வருஷமாக உள்ளே விடாத ஆளை மாலை போட மட்டும் மூத்தவர் ஆக்கிவிட்டார்கள். ஆயாம்மா சாமந்தி மாலையோடு வந்தார். மேடைக்கு இரண்டு படிதான், அதில் ஏற அவர் பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. நான் எழுந்து கீழே இறங்கிப் போய்க் குனிந்தேன். போட்டோ எடுக்கிறவன், மேடையில் நின்று இன்னொரு தரம் போடுங்கள் என்றான். முடியாது என்றேன்.

மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன், ஒன்றும் விடாமல். எனக்குத் தெரியாமல் இந்த அம்மாவின் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதைத் திரும்ப இவரிடம் கொடுக்க வேண்டும், அடுத்து வருகிற பெண் வரட்டும், இவருக்குக் கீழே இருந்து வேலை கற்றுக்கொள்ளட்டும் என்றேன். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். துரை புரியாமல் திரும்பினார். சங்கத் தலைவர் எழுந்து மொழிபெயர்த்தார். நான் பேசியது நீளம், அவர் பேசியது ஒரே வாக்கியம். அதில் ‘ஸ்தூதியி’ என்ற சொல் மட்டும் எனக்குத் தெரியும், நன்றி என்று அர்த்தம். துரை முகம் மலர்ந்து கை தட்டினார். உத்தியோகத்தர் அதைவிடப் பலமாகத் தட்டினார்.

நான் விடவில்லை. எனக்குத் தெரிந்த அங்கன்வாடி ஆங்கிலத்தில் நேராகத் துரையிடமே சொன்னேன். இலக்கணம் எல்லாம் எங்கேயோ போயிருக்கும், ஆனால் அவர் முகம் மாறியதிலிருந்து விஷயம் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. அவர் மெல்லத் தலையாட்டி, கட்டாயம் பரிசீலிக்கிறோம் என்றார். என் சர்வீஸ் முழுக்கக் கேட்ட பதில் அது. எங்கள் அங்கன்வாடியின் கூரை ஒழுகியபோதும் அதைத்தான் சொன்னார்கள், கூரை கடைசிவரை ஒழுகியது. பிறகு குரூப் போட்டோவுக்கு எல்லாரையும் நெருக்கி நிற்கச் சொன்னார்கள்.

விழா கலைந்ததும் தலைவரை மடக்கி, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை.

“நீங்க நாளைக்குப் போயிருவீங்க டீச்சர். உங்க கோவத்துக்கு நாங்கதான இங்க இருந்து பதில் சொல்லணும்.”

அதைக் கேட்டும் என் கோபம் குறையவில்லை. அவர் சொன்னது நியாயம் என்று தெரிந்ததும் இன்னும் அதிகமானது.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு வேன் வருவதற்குள் ஆயாம்மாவின் மகள் வந்து கூப்பிட்டாள். அம்மா கோயிலில் பொங்கல் வைக்கிறார், டீச்சர் வர முடியுமா என்றாள். லயத்துக்குக் கொஞ்சம் கீழே, மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவில் அவர்களுடைய மாரியம்மன் கோயில். நான் போனபோது பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஆயாம்மா காலை நீட்டி உட்கார்ந்தபடியே விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

நான் வெட்கப்பட்டேன். அடுத்த பெண் வரப்போகிறாள், உங்கள் வேலை திரும்பக் கிடைப்பது சந்தேகம்தான், இந்த வேண்டுதல் நிறைவேறியதாகச் சொல்ல முடியாது என்றேன். ஆயாம்மாவுக்கு அதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

“நீங்க போகணும்னு கேட்டேன், போறீங்க. ஆத்தா குடுத்தத குடுத்துட்டா. நான் கடன் வைக்கலாமா? அடுத்து வாற புள்ள போறதுக்கு அடுத்த முடிச்சு.”

சொன்னபடியே செய்தார். பழைய முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டார். அதே துணியை உதறி, மஞ்சள் கரைத்த கிண்ணத்தில் இன்னொரு தரம் முக்கிப் பிழிந்தார். நான் ஊரை விட்டுப் போவதற்கு நன்றி சொல்லி வைத்த பொங்கலை எனக்கு வாழை இலையில் வைத்துக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். நல்ல பொங்கல், முந்திரிகூடப் போட்டிருந்தது. என்கூடவே அவர்களும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. இலையை நானே எடுத்துக்கொண்டு போய்ப் போட்டேன், யாரும் பிடுங்கவில்லை.

ஆயாம்மா துணியில் முடிய முந்தானையில் காசு தேடினார். நான் என் பர்ஸைத் திறந்தேன். கையில் வந்தது எங்கள் ஊர் ஒரு ரூபாய். இது செல்லுமா என்று கேட்டேன். ஆத்தாவும் அங்கேருந்து வந்தவதானே என்று சொல்லி வாங்கிக்கொண்டார். துணியை அவர் பிடித்துக்கொள்ள, முடிச்சை நான் போட்டேன். முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் வரக் கூடாது, ஆனால் அவள் சீக்கிரம் போய்விட வேண்டும், அவளுக்குப் பின் யாரும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு உண்மையாக எதையும் வேண்டியதில்லை.

வேன் வந்தது. பேனர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தாய்மார் வரிசையாக நின்று, போயிட்டு வாங்க டீச்சர், போயிட்டு வாங்க டீச்சர் என்றார்கள். கிளம்புகிறவர்களிடம் போ என்று மொட்டையாகச் சொல்லக் கூடாதல்லவா. ஆயாம்மா காலை இழுத்து இழுத்து வேன் ஜன்னல் வரைக்கும் வந்தார். கம்பியைப் பிடித்திருந்த என் கையின் மேல் தன் கையை வைத்தார்.

“போயிட்டு வாங்க அக்கா. வந்தா சோறு திங்க வாங்க, எங்க வீட்டுல தங்குங்க. வேலைக்கு மட்டும் வராதீங்க.”